ஈயம் உடுத்திய காகிதம்

திருக்கடையூருக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் ஆயுள் வேண்டி வருகிறவர்கள். மார்க்கண்டேயனுக்காகக் காலனைக் காலால் உதைத்த ஈசன் இங்கே அமிர்தகடேசுவரராக வீற்றிருக்கிறார் என்பது தலபுராணம். அறுபதாம் கல்யாணமும் எண்பதாம் கல்யாணமும் ஆண்டு முழுவதும் நடக்கும் அந்தக் கோயிலை விட்டுத் தெற்கே கிளம்பினால், நெல்வயல்களைத் தாண்டிப் பொறையார் வரும். அதையடுத்துக் கடலோரம் தரங்கம்பாடி. சிறிது நேரத்தில் முடிந்துவிடும் இந்தப் பயணத் தொலைவுக்குள்தான் முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஈயமும் காகிதமும் சேர்ந்து தமிழின் போக்கை மாற்றின.

1706-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்கு, தமிழில் அச்சிட விரும்பினார். ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து 1713-ல் தமிழ் எழுத்துகள் வந்தன. அவை பெரிதாக இருந்ததால் காகிதத்தை விழுங்கின. காகிதமோ கப்பலில் வரவேண்டிய அரிய சரக்கு. எனவே சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டிகளின் ஈய உறைகளை உருக்கி அதற்குப் பயன்படுத்தினார்கள் என்று மிஷன் வரலாற்று நூல்கள் சொல்கின்றன. 1715-ல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறி முடிந்தது. காகிதத் தட்டுப்பாட்டைத் தீர்க்கப் பொறையாரில் காகிதப் பட்டறையும் அமைந்தது. அது இருந்த இடத்துக்குக் கடுதாசிப்பட்டறை என்று பெயர்.

இதே ஈயமும் காகிதமும் மனித வரலாற்றில் இன்னோர் இடத்திலும் கைகோத்தன. அந்த இடம் துப்பாக்கிக் குழல். ஈயக் குண்டின்மேல் மெல்லிய காகிதத்தை இரண்டு சுற்றுச் சுற்றிச் சுடுவது பத்தொன்பதாம் நூற்றாண்டின் மிகத் துல்லியமான துப்பாக்கிகளின் ரகசியமாக இருந்தது. தீயும் அழுத்தமும் உராய்வும் உச்சத்தில் நிற்கும் இடத்துக்குள் காகிதத்தை அனுப்பினால் அது என்ன ஆகும்? சாம்பலாகிவிடும் என்றுதான் நினைப்போம். அது எரியாமல், ஒட்டாமல், தன் வேலையை முடித்துவிட்டுத் துண்டுதுண்டாகக் கழன்று விழுகிறது. எப்படி என்று பார்ப்போம்.

கடலூரில் மறைந்த கணிதமேதை

முதலில், குண்டு ஏன் சுழலவேண்டும் என்பது தெரிந்தால்தான் காகிதத்தின் அருமை தெரியும். அந்தக் கேள்விக்கு அறிவியல் விடை சொன்ன பெஞ்சமின் ராபின்ஸ் நம் கரையில்தான் மறைந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டைகளைச் சீரமைக்க 1750-ல் வந்த அவர், அடுத்த ஆண்டு ஜூலை 29 அன்று கடலூர் புனித டேவிட் கோட்டையில் காய்ச்சலில் இறந்தார்.

ராபின்ஸ் 1742-ல் எழுதிய பீரங்கியியல் நூலை ஆய்லர் என்ற மாபெரும் கணிதமேதை ஜெர்மனில் மொழிபெயர்த்து விளக்கவுரையும் எழுதினார். கனமான மரக்கட்டையை ஊசல்போலத் தொங்கவிட்டு, அதில் குண்டு பாய்ந்ததும் கட்டை எவ்வளவு தூரம் ஆடுகிறது என்று அளந்து, குண்டின் வேகத்தைக் கணக்கிட்டவர் ராபின்ஸ். கண்ணால் பின்தொடர முடியாத துப்பாக்கிக் குண்டின் வேகத்தை மனிதன் நம்பகமாக அளந்தது அப்போதுதான்.

அவருடைய இன்னொரு சோதனை காகிதத்தால் ஆனது. சுடும் திசையில் இடைவெளி விட்டு மெல்லிய தாள்களைத் திரைபோலத் தொங்கவிட்டார். குண்டு ஒவ்வொரு தாளிலும் ஒரு துளை இட்டுச் செல்லும். துளைகளைச் சேர்த்துப் பார்த்தால் பாதை தெரியும். அந்தக் காலத்துத் துப்பாக்கிக் குழலின் உட்புறம் வழவழப்பானது. உருண்டைக் குண்டு அதில் அங்குமிங்கும் உரசித் தாறுமாறாகச் சுழன்றபடி வெளியே வரும். ராபின்ஸ் ஒரு குழலின் முனையை இடப்பக்கம் வளைத்துச் சுட்டபோது, குண்டு இடப்பக்கம் கிளம்பிப் பிறகு வலப்பக்கமாக வளைந்தது. சுழலும் பந்தைக் காற்று ஒரு பக்கம் தள்ளுகிறது என்பதற்கு அந்தத் தாள்கள் சாட்சி சொன்னன.

சுழற்சியை ஒழிக்க முடியாது என்றால் அதை ஒழுங்குபடுத்தலாம். குழலின் உட்சுவரில் திருகுபோலச் சுழன்று செல்லும் பள்ளங்களை வெட்டினால், குண்டு தான் போகும் திசையையே அச்சாகக் கொண்டு சுழலும். வேகமாகச் சுற்றும் பம்பரம் சாயாமல் நிற்பதுபோல அந்தக் குண்டும் முனையை முன்னால் வைத்தபடி நேராகச் செல்லும். அந்தத் திருகு வரிகள் கொண்ட குழல்தான் ரைஃபிள். இதன் அருமையை முதலில் உணர்ந்து தேறும் நாடு மற்ற நாடுகளைவிட ஓங்கி நிற்கும் என்று ராபின்ஸ் 1740-களிலேயே எழுதிவிட்டார். உலகம் அதைச் செயலில் காண நூறு ஆண்டுக்கு மேல் ஆனது.

ஈயத்தின் மூன்று சங்கடங்கள்

நூறு ஆண்டு ஏன்? ஈயத்தின் குணத்தில் விடை இருக்கிறது. குண்டுக்கு ஈயத்தைப்போல் ஏற்ற பொருள் அன்று வேறில்லை. ஒரு கன சென்டிமீட்டர் ஈயம் பதினோரு கிராமுக்கு மேல் நிறுக்கும். எடை மிகுந்த பொருள் காற்றைக் கிழித்துக்கொண்டு வெகுதூரம் வேகம் அதிகம் குறையாமல் போகும். 327 டிகிரி செல்சியஸில் உருகுவதால் வீட்டு அடுப்பிலேயே உருக்கி வார்க்கலாம். ஆனால் ஈயம் மிகவும் மென்மையானது. நகத்தால் கீறினாலே கோடு விழும்.

வரி வெட்டிய குழலில் இந்த மென்மை மூன்று சங்கடங்களைத் தந்தது. வேகமாகத் திருகப்படும்போது ஈயம் வரிகளைப் பற்றிக்கொள்ளாமல் வழுக்கிச் சென்றது. உராய்வில் அதன் மேற்பரப்பு குழலின் உட்சுவரில் பூசிக்கொண்டு, அடுத்த குண்டின் வழியைக் கெடுத்தது. குண்டுக்கும் குழலுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருந்தாலும் கொதிக்கும் வாயு அதன்வழியே பீறிட்டு, குண்டின் பக்கத்தையே அரித்தது.

இவற்றோடு வெடிமருந்தின் தொல்லையும் சேர்ந்துகொண்டது. வெடியுப்பும் கரியும் கந்தகமும் கலந்த கருமருந்து முழுவதும் புகையாகப் போவதில்லை. எரிந்தபின் அதன் எடையில் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே மிஞ்சும். அந்தக் கசடு குழலில் படிந்து ஒவ்வொரு வேட்டுக்கும் வழியைக் குறுக்கும். வாய்வழியாகக் கெட்டிக்கும் துப்பாக்கியில், வரிகளை இறுகப் பிடிக்கும் அளவுள்ள குண்டைக் கசடு படிந்த குழலுக்குள் இறக்குவது பெரும்பாடு. காவிரிக்கரை வயல்களில் முன்பு நரிக்குறவர்கள் தோளில் சுமந்து திரிந்த நாட்டுத் துப்பாக்கியைப் பார்த்தவர்களுக்கு மருந்து, தக்கை, ரவை என்று ஒவ்வொன்றாகப் போட்டுக் கோலால் இடித்துக் கெட்டிக்கும் அந்த முறை நினைவிருக்கும். அதன் குழல் வழவழப்பானது, ரவையும் சிறிது. அதனால் அங்கே இந்தச் சிக்கல் இல்லை.

ஆக, தேவைப்பட்டது இப்படி ஒரு பொருள்: இரும்பையும் ஈயத்தையும் தொடவிடாமல் பிரிக்கவேண்டும், வரிகளை இறுகப் பற்றவேண்டும், வாயுவை அடைக்கவேண்டும், குழலைத் தாண்டியதும் சுவடின்றி விலகிவிடவேண்டும். இத்தனையும் ஒரு துண்டுக் காகிதம் செய்தது.

ஈரத்தில் சுற்றி உலர்த்தும் கலை

இதற்கு ஏற்ற காகிதம் பருத்திக் கந்தலிலிருந்து வந்த காகிதம். பருத்தி ஏறக்குறைய முழுவதும் செல்லுலோஸ். அதன் இழைகள் நீளமானவை. மரக்கூழில் இருக்கும் லிக்னின் இதில் இல்லை. பளபளப்புக்காகச் சேர்க்கும் களிமண் பூச்சும் இருக்கக்கூடாது. களிமண் குழலைத் தேய்க்கும். நாம் நகலெடுக்கப் பயன்படுத்தும் தாள் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் தடிமன். குண்டுக்குச் சுற்றும் தாள் அதில் பாதி.

தாளை இணைகரமாக வெட்டுவார்கள். நீளம் குண்டின் சுற்றளவைப்போல் சரியாக இரண்டு மடங்கு. இரு முனைகளும் சரிவாக வெட்டப்பட்டிருப்பதால், சுற்றி முடிக்கும்போது தொடக்கமும் முடிவும் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் ஓரத்தோடு ஓரமாகப் பொருந்தும். முனைகள் ஒரு நூலளவு ஏறினாலும் அந்தப் பக்கம் கனம் கூடி, குண்டின் எடைச்சமன் கெட்டுவிடும்.

தாளை நீரில் நனைத்துத்தான் சுற்றுவார்கள். காகிதத்தின் இழைகளைப் பிணைப்பது ஹைட்ரஜன் பிணைப்பு. நீர் பட்டதும் அந்தப் பிணைப்புகள் தளர்ந்து இழைகள் ஊதுகின்றன. தாள் சற்று நீள்கிறது, வளைந்துகொடுக்கிறது. உலரும்போது இழைகள் மீண்டும் நெருங்கிப் பிணைகின்றன, தாள் சுருங்குகிறது. அந்தச் சுருக்கம்தான் குண்டை இறுக்கிப் பிடிக்கிறது. பசை வேண்டியதில்லை. வால்பகுதியைக் குண்டின் அடியில் மடித்தோ முறுக்கியோ விடுவார்கள். இரண்டு சுற்று என்றால் விட்டத்தின் இரு பக்கமும் சேர்த்து நான்கு தாள் தடிமன், அதாவது 0.2 மில்லிமீட்டர், கூடுகிறது. குண்டின் அளவைக் குழலுக்குப் பொருத்துவது இந்த மயிரிழைக் கணக்குதான். சற்றே தடித்த தாளை எடுத்தால் குண்டு உள்ளே போகாது. மெல்லிய தாளை எடுத்தால் வரிகளைப் பிடிக்காது.

குழலுக்குள் நடப்பது

பிரிட்டிஷ் படை 1871-ல் ஏற்றுக்கொண்ட மார்ட்டினி-ஹென்றி ரைஃபிள் காகிதம் சுற்றிய குண்டையே சுட்டது. அந்தக் குண்டின் எடை சுமார் 31 கிராம். பன்னிரண்டு பங்கு ஈயத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம் கலந்து வார்த்தது. குழலில் ஏழு பள்ளங்கள். 22 அங்குலத்துக்கு ஒரு முழுச் சுற்று. குழல்முனையில் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 400 மீட்டர்.

மருந்து பற்றியதும் குண்டின் அடியில் ஆயிரம் வளிமண்டலங்களுக்கு மேல் அழுத்தம் ஏறுகிறது. கட்டைவிரல் அகலம்கூட இல்லாத அந்த வட்டத்தின்மேல் ஒரு டன் எடை விழுவதற்குச் சமம் அது. குண்டின் முன்பகுதி நிலைமத்தால் நகரத் தயங்க, பின்பகுதி முன்னே தள்ளப்பட, மென்மையான ஈயம் குட்டையாகிப் பக்கவாட்டில் பருக்கிறது. காகிதத்தை வெளியே தள்ளி வரிப்பள்ளங்களை நிரப்புகிறது. ஈயத்தின் மென்மை முன்பு குறையாக இருந்தது. காகிதம் வந்தபின் அதுவே உதவியானது. பள்ளங்களுக்கு இடைப்பட்ட மேடுகள் காகிதத்தில் அழுந்தி, அதை ஈயத்தோடு சேர்த்து இறுக்கித் திருகுகின்றன. இரும்பைத் தொடுவது காகிதம் மட்டுமே.

தீ என்ன ஆனது? மருந்தின் சுவாலை 2,000 டிகிரி செல்சியஸை ஒட்டியது. காகிதம் 230 டிகிரிக்கு அருகிலேயே பற்றிக்கொள்ளும். ஆனால் பற்றுவதற்கு வெப்பம் மட்டும் போதாது, அது உள்ளே இறங்கக் காலமும் வேண்டும். குண்டு குழலைக் கடக்க எடுப்பது மூன்று, நான்கு மில்லிநொடி. காகிதம் வெப்பத்தை மெதுவாகவே கடத்தும். அந்த நேரத்துக்குள் வெப்பம் அதற்குள் ஊடுருவும் ஆழம் ஏறத்தாழ 0.02 மில்லிமீட்டர். இரண்டு சுற்றுத் தாளின் தடிமன் 0.1 மில்லிமீட்டர். அதிலும் சுவாலைக்கு நேரே நிற்பது அடியில் மடித்த வால் மட்டும். பக்கங்கள் குழல்சுவரோடு நெருங்கிக் கிடக்கின்றன. அதனால் விளிம்பு கருகினாலும் தாள் பிழைத்துவிடுகிறது.

குழலை விட்டு வெளியேறும் கணத்தில் குண்டு நொடிக்கு 700 முறைக்கு மேல் சுழன்றுகொண்டிருக்கிறது. வேகத்தையும் வரியின் சுற்றையும் வைத்துக் கணக்கிட்டால், குண்டின் மேற்பரப்பில் இருக்கும் எதையும் வெளியே இழுக்கும் முடுக்கம் புவியீர்ப்பைப்போல் ஏறத்தாழ 12,000 மடங்கு. குழல்சுவர் தாங்கிப் பிடித்திருந்த வரைக்கும் காகிதம் இருந்தது. அந்தச் சுவர் விலகியதும், மேடுகள் ஏற்கெனவே நீளவாக்கில் கீறிவிட்ட கோடுகளில் பிளந்து, காற்றின் வேகமும் சேர்ந்து அடிக்க, நாடாநாடாகச் சிதறுகிறது. குண்டு வெறும் ஈயமாக இலக்கை நோக்கிப் போகிறது.

சுடுதளத்தில் பொறுக்கும் துண்டுகள்

காகிதம் முழுதாக விலகுவது உயிர்நாடி. ஒரு துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தாலும் குண்டு தள்ளாடும். அதனால் இந்த வகைத் துப்பாக்கிகளை இன்றும் போட்டிகளில் சுடுகிறவர்கள், இலக்குத் தாளைப் பார்ப்பதற்கு முன் சுடுமேடைக்கு முன்னால் சிதறிக் கிடக்கும் காகிதத் துண்டுகளைப் பொறுக்கிப் பார்ப்பார்கள். துண்டுகள் நீளவாக்கில், சுத்தமான விளிம்போடு இருந்தால் குழலும் தாளும் அளவும் ஒத்துப்போகின்றன. குறுக்கே கிழிந்திருந்தால் குழலுக்குள் ஏதோ கரடு இருக்கிறது. கருகியிருந்தால் வாயு கசிகிறது. குழலுக்குள் நடந்ததைச் சொல்லும் அறிக்கை அந்தக் குப்பையில் கிடக்கிறது. ராபின்ஸின் தாள்திரைகள் காற்றில் குண்டின் பாதையைச் சொன்னன. இந்தத் துண்டுகள் இரும்புக்குள் அதன் பாதையைச் சொல்கின்றன.

ஒவ்வொரு வேட்டுக்கும் இடையில் இவர்கள் ஒரு குழாயைக் குழலின் பின்முனையில் வைத்து வாயால் ஊதுவார்கள். மூச்சுக்காற்றின் ஈரத்துக்காகவே அந்த ஊதல். கருமருந்தின் கசடில் இருக்கும் பொட்டாசியம் கார்பனேட் ஈரத்தை இழுத்து இளகும் உப்பு. வறண்ட காற்றில் அது கல்லாக இறுகி அடுத்த குண்டின் காகிதத்தைக் கிழிக்கும். ஈரம் பட்டால் கூழாகி வழிவிடும்.

இந்த நுட்பத்தின் உச்சத்தை உலகம் 1874 செப்டம்பர் 26 அன்று கண்டது. நியூயார்க் அருகே கிரீட்மூர் சுடுதளத்தில் அயர்லாந்து அணியும் அமெரிக்க அணியும் 800, 900, 1,000 கெஜத் தொலைவுகளில் மோதின. அயர்லாந்துக்காரர்களின் கையில் வாய்வழியாகக் கெட்டிக்கும் ரைஃபிள்கள். அமெரிக்கர்களின் கையில் பின்வழியாகக் கெட்டிக்கும் ஷார்ப்ஸும் ரெமிங்டனும். 934-க்கு 931 என்று மூன்றே புள்ளிகளில் அமெரிக்கா வென்றது. ஆயிரம் கெஜம் என்பது 914 மீட்டர். அந்தக் காலத்தின் வழவழப்புக்குழல் துப்பாக்கியால் நூறு கெஜத்தைத் தாண்டினாலே குறியை நம்ப முடியாது.

காகிதம் கிழித்த பேரரசு

இந்தக் காகிதம் இந்தியாவில் வேறு பெயரோடு பள்ளிக்கூடப் பாடத்தில் இருக்கிறது. 1857-ன் கொழுப்புத் தடவிய தோட்டா என்று நாம் படித்தது காகிதம் சுற்றிய குண்டுதான். 1853-ன் என்ஃபீல்டு ரைஃபிளுக்கான தோட்டா ஒரு காகிதக் குழாய். ஒரு பாதியில் மருந்து, மறுபாதியில் ஈயக் குண்டு. சிப்பாய் நுனியைப் பல்லால் கடித்துப் பிய்த்து மருந்தைக் குழலில் கொட்டுவார். பிறகு தோட்டாவைத் தலைகீழாக்கி, குண்டிருக்கும் முனையைக் காகிதத்தோடு குழல்வாயில் செருகி, மீதித் தாளைக் கிழித்துவிட்டுக் கோலால் இறக்குவார். குழலின் விட்டம் 0.577 அங்குலம், குண்டின் விட்டம் 0.568 அங்குலம். இடைவெளியை நிரப்பியது கொழுப்பில் தோய்ந்த அந்தத் தாள். கொழுப்பு குண்டு வழுக்கி இறங்கவும் கசடு இளகவும் உதவியது.

பொறியியலாகப் பார்த்தால் அழகான தீர்வு. ஆனால் அந்தக் கொழுப்பு எந்த விலங்கினுடையது என்ற கேள்வியைத் தோட்டாவைச் செய்தவர்கள் பொருட்படுத்தவில்லை. பசுவோ பன்றியோ என்ற ஐயம் 1857 ஜனவரியில் கல்கத்தா அருகே டம்டம்மில் கிளம்பியது. அப்போது கம்பெனி அரசு, சிப்பாய்கள் தாங்களே மெழுகும் நெய்யும் தடவிக்கொள்ளலாம் என்றது. கடிக்காமல் கையால் கிழிக்கலாம் என்றும் சொன்னது. அதற்குள் ஐயம் கொழுப்பிலிருந்து காகிதத்துக்குத் தாவிவிட்டது. புதிய தாள் பளபளப்பாக இருக்கிறது, எரியும்போது சடசடக்கிறது, எனவே தாளிலேயே கொழுப்பு கலந்திருக்கிறது என்று பாரக்பூரில் நடந்த விசாரணையில் சிப்பாய்கள் சொன்னார்கள். பிப்ரவரி 26 அன்று பெர்ஹாம்பூரின் பத்தொன்பதாம் படை தோட்டா வாங்க மறுத்தது. ஏப்ரல் 24 அன்று மீரட்டில் தொண்ணூறு குதிரைவீரர்களில் 85 பேர் மறுத்தார்கள். அன்று நீட்டப்பட்டவை பழைய வகைத் தோட்டாக்கள். ஆனால் நம்பிக்கை போனபின் பழசென்றும் புதிதென்றும் வேறுபாடு நிற்கவில்லை. மே 10 அன்று மீரட் எழுந்தது.

நிலப்பறிப்பு, அவமதிப்பு, இணைத்துக்கொள்ளப்பட்ட அரசுகள் என்று அந்தப் பேரெழுச்சிக்குக் காரணங்கள் பல. தோட்டா அவற்றைப் பற்றவைத்தது. அடுத்த ஆண்டே கம்பெனியின் ஆட்சி முடிந்தது.

செம்பு வந்தது

காகிதத்தின் காலத்தை முடித்தது செம்பு. சுவிட்சர்லாந்தின் எட்வர்ட் ரூபின் 1880-களின் தொடக்கத்தில் ஈயக் குண்டுக்குச் செம்பு உறை போட்டார். 1884-ல் பிரான்சின் பால் வியெல் புகையில்லா மருந்தைக் கண்டுபிடித்தார். அதன் வேகத்தைக் காகிதம் தாங்காது, செம்பு தாங்கியது. நீலகிரியின் அருவங்காட்டில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த கார்டைட் தொழிற்சாலை அந்தப் புகையில்லா யுகத்தின் தமிழ்நாட்டு முகவரி. ஆனாலும் காகிதம் செய்த வேலையைத்தான் செம்பு இன்று செய்கிறது: ஈயத்தைக் காத்து, வரியைப் பற்றிச் சுழல வைக்கிறது. காகிதம் மட்டும் குழல்முனையில் கழன்றுவிடும். செம்பு இலக்குவரை கூடவே போகிறது.

ஒரு தாளின் தடிமனை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குவரை கணக்கிட்டவர்கள், அதைக் கடிக்கப்போகும் வாய் யாருடையது என்று ஒரு முறை கேட்டிருக்கலாம். கருவியைக் கையாளும் மனிதரும் கருவியின் ஒரு பாகம். அவருடைய உடலும் நம்பிக்கையும் வடிவமைப்புக் கணக்கில் சேரவேண்டும். காகிதத் தோட்டா கற்றுத்தரும் பொறியியல் பாடம் இது.

தரங்கம்பாடி டேன்ஸ்போர்க் கோட்டைக்குப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப்போகும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கோட்டையையும் கடலையும் காட்டிவிட்டு, வழியில் பொறையாரின் காகிதப் பட்டறைக் கதையையும் சொல்லுங்கள். பள்ளிக்குத் திரும்பியதும் ஆய்வகத்தில் இருக்கும் திருகு அளவியை எடுத்து ஒரு தாளின் தடிமனை அவர்களையே அளக்கச் சொல்லுங்கள். அந்த அளவை வைத்துக்கொண்டு 1857-ஐ நடத்துங்கள். இயற்பியலும் வரலாறும் ஒரே வகுப்பில் அவர்களுக்குப் புரியும்.